வீட்டுத் தொழிலுக்கு இணையப் போட்டி: முதன்முறை நடத்துபவருக்கான வழிகாட்டி

வீட்டுச் சமையலறையில் பொடி அரைத்து விற்பவருக்கும், கூடத்தின் மூலையில் சட்டம் போட்டு ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவருக்கும், மொட்டை மாடியில் நாற்று வளர்த்துக் கொடுப்பவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவர்களுக்குத் தெருவைப் பார்த்த கடை இல்லை. கடைவீதியில் போகிறவர் வறுத்த மிளகாயின் மணத்துக்கு நின்று, ஒரு சிட்டிகையை வாயில் போட்டுப் பார்த்து, நூறு கிராம் கட்டச் சொல்வதுபோல் இணையத்தில் நடக்காது. அங்கே மணத்துக்கும் சுவைக்கும் பதிலாக நிற்பது, ஏற்கெனவே வாங்கியவரும் சமைத்துப் பார்த்தவரும் சொல்லும் சொல்தான். அந்தச் சொல்லைக் குறைந்த செலவில் வரவழைக்கும் வழிகளுள் ஒன்று இணையத்தில் நடத்தும் சிறு போட்டி. ஆனால் அதைத் தவறாக நடத்தினால் பணமும் உழைப்பும் வீணாவதோடு, நம் பெயர்மேல் இருக்கும் நம்பிக்கையும் குறையும்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றை வீட்டில் செய்து விற்பவர் ஒருவரை இக்கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நான் செய்து வருவதும் அதுதான். வேறு தொழில் செய்பவர்கள் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், வழிமுறை பெரும்பாலும் ஒன்றே.

நான் முதன்முதலாக நடத்திய போட்டிக்கு ஒரு மிக்சியைப் பரிசாக அறிவித்தேன். பக்கத்தைப் பின்தொடர வேண்டும், கமெண்டில் மூன்று நண்பர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும், குலுக்கலில் ஒருவருக்கு மிக்சி என்பது அறிவிப்பு. சில நாள்களிலேயே பின்தொடர்வோர் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. வந்தவர்கள் மிக்சிக்காக வந்தவர்கள். முடிவு வெளியான வாரத்திலேயே பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு பொட்டலம் வாங்கவில்லை. அன்றிலிருந்து நான் மாற்றாமல் கடைப்பிடிக்கும் விதி இது: போட்டியில் கேட்கப்படும் வேலையும் கொடுக்கப்படும் பரிசும் நாம் விற்கும் பொருளைச் சுற்றியே இருக்க வேண்டும். பொடியைப் பரிசாகப் பெற விரும்பி ஒருவர் பத்து நிமிடம் செலவிடுகிறார் என்றால், அவர் நாளைக்குப் பொடி வாங்கக்கூடியவர். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

முதலில் வீடு ஆயத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்

போட்டி வெற்றி பெற்றால் அடுத்த வாரமே ஆர்டர் வரும். அதைத் தாங்கும் நிலை நமக்கு இருக்க வேண்டும். உணவுப் பொருள் விற்பவர் என்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்து பெற்ற 14 இலக்க எண் பொட்டலத்தின்மேல் இருந்தாக வேண்டும். இதற்கான ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசாக இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்று எண்ணி, பெயர் ஒட்டாத உறையில் போட்டு அனுப்பாதீர்கள். சேர்பொருள்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்ற குறிப்பு, சைவத்துக்கான பச்சைக் குறி ஆகிய எல்லாம் பரிசுப் பொட்டலத்திலும் இருக்க வேண்டும். வேர்க்கடலை சேர்த்திருந்தால் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை கட்டாயம். பலர் மறந்துவிடும் இன்னொன்று கூட்டுப் பெருங்காயம்: அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது முக்கியமான செய்தி.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை கிலோ பொடி அரைத்துக் கட்ட முடியும் என்று நேர்மையாகக் கணக்கிட்டு எழுதிவையுங்கள். மாவு மில்லுக்குப் போய் வரும் நாள், மிளகாய் காய வைக்கும் நாள், கட்டுவதற்கு ஆகும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு 10 கிலோதான் முடியும் என்றால், அதற்கேற்ற அளவில் போட்டியைச் சிறிதாகவே வைக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் இருப்பது தனிநபர் கணக்காக இருந்தால் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை, எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்ற புள்ளிவிவரமும் கிடைக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒவ்வொரு பொருளையும் படம், விலை, எடையுடன் பட்டியலிட்டு வையுங்கள். போட்டியைப் பார்த்து ஆவலோடு வருபவர், விலை என்னவென்று கேட்டு நாலு மணி நேரம் காத்திருக்க மாட்டார்.

ஒரு நோக்கம் மட்டும்

பின்தொடர்வோரைக் கூட்டுவது, புதிய ஊர்களில் வாடிக்கையாளரைப் பெறுவது, புதிதாகச் செய்த ஒரு பொடியை அறிமுகப்படுத்துவது, பொருளின் நல்ல படங்களைத் திரட்டுவது என்று போட்டியால் பலவும் சாதிக்கலாம். ஆனால் ஒரே போட்டியில் எல்லாவற்றையும் கேட்டால் கலந்துகொள்பவருக்கு என்ன செய்வது என்று புரியாது. ஒன்றைத் தேர்ந்து, அதை எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். ‘என் ஊருக்கு வெளியே வசிப்பவர்களில் 30 பேராவது முதன்முறையாக வாங்க வேண்டும்’ என்பது நோக்கம். ‘எல்லாரும் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்பது ஆசை மட்டுமே. போட்டி முடிந்தபின் அது நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

குலுக்கலா, திறமையா

நடத்துவதற்கு எளிது குலுக்கல்தான். ஆனால் புதியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சட்டமும் காரணம், தொழிலும் காரணம்.

தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு (லாட்டரி) விற்பனை 2003 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பரிசுச்சீட்டை மாநில அரசுகள்தான் நடத்த முடியும்; அனுமதியின்றித் தனியார் நடத்துவது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆவது பிரிவின்படி குற்றம். ‘500 ரூபாய்க்குப் பொடி வாங்குங்கள், கூப்பனைக் குலுக்கித் தங்கக்காசு தருகிறோம்’ என்ற அறிவிப்பில் பணமும் அதிர்ஷ்டமும் பரிசும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் பரிசுச்சீட்டு என்ற கேள்வி எழும். எழுத்து, சொல், எண்களை அடுக்கி விடை காணும் புதிர்களுக்கு 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் இருக்கிறது. திறமையால் வெல்லும் போட்டிகளை அச்சட்டம் தொடாது என்று உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. ஆனால் விடையை நடத்துபவரே மனம்போல முடிவு செய்யும் புதிர் அதில் மாட்டிக்கொள்ளும். கலந்துகொள்வதற்குக் கட்டணம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை முற்றிலும் கைவிடுங்கள். பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025இல் வந்திருக்கும் நிலையில், அந்தப் பக்கமே நாம் போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பனையை வளர்ப்பதற்காக நடத்தும் போட்டிகளையும் குலுக்கல்களையும் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்பதன் வரையறைக்குள்ளேயே பேசுகிறது. பரிசு தருவதாகச் சொல்லித் தராமல் இருப்பது, பரிசின் விலையைப் பொருளின் விலையில் ஏற்றிவிட்டு இலவசம் என்பது, முடிவை வெளியிடாமல் மறைப்பது ஆகியவற்றையும் அது குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆகவே வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம் என்ற நிபந்தனையே வேண்டாம். சில நூறு ரூபாய் மதிப்புள்ள பரிசு, கட்டணமில்லாத நுழைவு, திறமையைப் பார்த்துத் தேர்வு, வெளிப்படையான முடிவு என்ற எல்லைக்குள் நில்லுங்கள். பெரிய பரிசு வைக்க விரும்பினால் அறிவிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் விதிமுறைகளைக் காட்டிவிடுங்கள். அறிவித்தபின் காட்டிப் பயனில்லை.

தொழில் சார்ந்த காரணம் இன்னும் எளிது. குலுக்கலில் தோற்றவரிடம் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. திறமைப் போட்டியில் தோற்றவர் ஒரு சமையல் குறிப்பை, ஒரு படத்தை, ஒரு நினைவை நம்மிடம் விட்டுச் செல்கிறார். மார்கழியில் தெருவில் கோலப்போட்டி நடக்கும்போது பரிசு பெறுபவர் மூன்று பேர்தான். ஆனால் அன்று காலை தெரு முழுவதும் கோலம் இருக்கும். போட்டி நடத்துபவருக்கு வேண்டியது அந்தத் தெரு.

எதைக் கேட்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கேட்கும் வேலை மிகவும் எளிதாக இருந்தால் அக்கறையற்ற கூட்டம் வரும். கடினமாக இருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஓர் இல்லத்தரசி மதியச் சமையல் முடித்து உட்காரும் நேரத்தில், கைப்பேசியிலேயே, பத்து நிமிடத்துக்குள் முடிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

‘இட்லி, தோசையைத் தவிர இட்லிப் பொடியை உங்கள் வீட்டில் வேறு எதில் சேர்ப்பீர்கள்? ஐந்து வரிக்குள் செய்முறையை எழுதுங்கள்’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை எழுத என் பொடியை வாங்கியிருக்க வேண்டியதில்லை. யார் வீட்டுப் பொடியானாலும் சரி. ஆனால் எழுதுகிறவர் பொடி சாப்பிடுகிறவர் என்பது உறுதி. பொடி இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி சோறு, வதக்கிய உருளைக்கிழங்கின்மேல் தூவுவது, கத்தரிக்காய்க்குள் அடைத்துப் பொரிப்பது, ஊத்தப்பத்தின் மேல் வெங்காயத்தோடு சேர்ப்பது என்று வரும் ஒவ்வொரு விடையும், படிக்கும் இன்னொருவருக்கு ‘ஒரு பொட்டலம் வாங்கிப் பார்க்கலாமே’ என்ற எண்ணத்தைத் தரும். நம் பொருளின் பயன்களை நாமே பத்து முறை எழுதினால் அது விளம்பரம். அதையே அறுபது வீட்டார் தங்கள் பழக்கமாக எழுதினால் படிப்பவர் நம்புவார்.

ஆரி வேலை செய்பவர், அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையின் கரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதற்குப் பொருத்தமான ரவிக்கை வேலைப்பாட்டை இரண்டு வாக்கியத்தில் விவரிக்கச் சொல்லலாம். நாற்று விற்பவர், கெட்டுப்போன வாளி, உடைந்த பானை போன்றவற்றில் வளர்த்த செடியின் படத்தைக் கேட்கலாம். வீட்டில் சோப்பு செய்பவருக்கு என் பரிந்துரை, புதிய சோப்புக்குப் பெயர் வைக்கும் போட்டி. தன் சொல் ஒரு பொருளின் பெயராக நிலைப்பதைக் காண யாருக்கும் ஆசை இருக்கும்.

‘அதிக லைக் பெறும் படத்துக்குப் பரிசு’ என்று மட்டும் வைக்காதீர்கள். காசு கொடுத்து லைக் வாங்குபவர்களும், உறவினர் குழுக்கள் அத்தனையையும் திரட்டி வருபவர்களும் வெல்வார்கள். உண்மையாக உழைத்தவர் மனம் வெறுத்துப் போவார். அந்த வெறுப்பு நம் பெயர்மேல்தான் விழும்.

பரிசும் செலவும்

பரிசு நாம் செய்யும் பொருளாகவே இருக்கட்டும். செலவை முன்கூட்டியே தாளில் எழுதுங்கள். ஐந்து வகைப் பொடி கால் கிலோ வீதம் முதல் பரிசு என்றால், அடக்கவிலை 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம், மூன்றாம் பரிசுகள் தலா 300 ரூபாய் வீதம் 600. பத்துப் பேருக்கு 50 கிராம் பொட்டலம் ஆறுதல் பரிசு, தலா 30 ரூபாய் வீதம் 300. அட்டைப்பெட்டி, உறை ஆகியவற்றுக்கு 260. பதின்மூன்று பார்சல்களை அனுப்பச் சராசரியாக 80 ரூபாய் வீதம் 1,040. மொத்தம் 2,900 ரூபாய். பரிசுகளின் விலையோடு ஒப்பிட்டால் அனுப்பும் செலவு எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று பாருங்கள். புதியவர்கள் கணக்கில் விடுவது இதைத்தான். ஒரு பொட்டலத்தில் 40 ரூபாய் லாபம் நிற்கும் என்றால், கூடுதலாக 73 பொட்டலம் விற்றால்தான் இந்தச் செலவு திரும்பும். அந்த எண்ணைப் பார்த்தபின் கை நடுங்கினால் பரிசைக் குறையுங்கள், அல்லது தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று எல்லை வையுங்கள்.

ஆறுதல் பரிசை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய முதல் பரிசு ஒரு வீட்டுக்குப் போகும். பத்துச் சிறு பொட்டலங்கள் பத்துச் சமையலறைக்குள் நுழையும்.

நாள் குறிப்பது

போட்டி 10 நாளுக்குமேல் நீடித்தால் ஆர்வம் வடிந்துவிடும். ஐந்து நாளுக்குக் குறைந்தால் செய்தி பரவாது. பொடி விற்பவருக்கு நல்ல காலம் ஜூன் தொடக்கம். பள்ளி திறந்து, காலையில் டப்பாவில் என்ன கட்டுவது என்ற கவலை ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கும் நேரம் அது. வற்றல், வடகம் செய்பவருக்குச் சித்திரை வெயில். கொலுவுக்கான பொருள்கள் செய்பவருக்கு நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பு. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதமும், பலகாரம் செய்வதில் கை ஓயாத தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் வேண்டாம். முடியும் தேதியோடு மணியையும் குறிப்பிடுங்கள். ‘ஞாயிறு இரவு 9 மணி வரை’ என்று எழுதியிருந்தால், 9.20க்கு வந்த விடையைப் பற்றிய சச்சரவு எழாது.

விதிமுறைகளை எழுதுதல்

விதிமுறைகள் ஒரே படத்தில் அடங்கும் அளவுக்குச் சுருக்கமாகவும், கேள்விக்கு இடமில்லாத அளவுக்குத் தெளிவாகவும் இருக்க வேண்டும். நான் பயன்படுத்தும் வடிவம் இது, உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

‘இப்போட்டியில் இந்தியாவில் வசிக்கும் 18 வயது நிறைந்த எவரும் கலந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை, எந்தப் பொருளையும் வாங்க வேண்டியதில்லை. ஒருவர் ஒரு செய்முறையை மட்டும், இந்தப் பதிவின் கீழ் கமெண்டில் எழுத வேண்டும். செய்முறை உங்கள் வீட்டு வழக்கமாகவோ உங்கள் கண்டுபிடிப்பாகவோ இருக்க வேண்டும். கடைசி நேரம் ஜூன் 14, ஞாயிறு இரவு 9 மணி. புதுமைக்கு 4, செய்முறைத் தெளிவுக்கு 3, எளிமைக்கு 3 என்று 10 மதிப்பெண்ணுக்கு இரு நடுவர்கள் மதிப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தாரும் நடுவர்களின் குடும்பத்தாரும் கலந்துகொள்ள இயலாது. முடிவு ஜூன் 18 அன்று மாலை 6 மணிக்கு இதே பக்கத்தில் மட்டும் வெளியாகும். பரிசுக்காக எவரிடமும் பணமோ, ஓடிபியோ, வங்கி விவரமோ கேட்க மாட்டோம். தேர்வான செய்முறைகளை எழுதியவர் பெயருடன் எங்கள் பக்கத்தில் வெளியிட உங்கள் சம்மதம் பெறப்படும். இப்போட்டிக்கும் இன்ஸ்டாகிராம் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. அந்நிறுவனம் இதை நடத்தவோ ஆதரிக்கவோ இல்லை. இது தொடர்பாக அந்நிறுவனத்தின்மேல் எந்தப் பொறுப்பும் சுமத்துவதில்லை என்பதைக் கலந்துகொள்பவர் ஏற்கிறார்.’

கடைசி வாக்கியம் அழகுக்காகச் சேர்த்தது அன்று. இன்ஸ்டாகிராமின் விதிகளே அதைக் கட்டாயமாக்குகின்றன. படத்தில் இல்லாத ஒருவரை இருப்பதாக டேக் செய்யச் சொல்வதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஃபேஸ்புக்கில் ‘உங்கள் டைம்லைனில் பகிர்ந்தால் போட்டியில் சேர்க்கப்படுவீர்கள்’, ‘நண்பர்களை டேக் செய்தால் சேர்க்கப்படுவீர்கள்’ என்ற நிபந்தனைகளுக்கே இடமில்லை. அன்றாடம் பலர் அப்படி நடத்துவதைப் பார்க்கிறோம்; பக்கம் முடக்கப்பட்டால் பல ஆண்டு உழைப்பு போய்விடும் என்பதால் நாம் பார்த்துச் செய்ய வேண்டாம். கூகுளில் நம் தொழிலுக்கு மதிப்புரை எழுதினால் பரிசு என்பதும் அந்நிறுவனத்தின் விதிகளுக்குப் புறம்பானது.

பிறர் எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. போட்டிக்கு அனுப்பினார் என்பதாலேயே அதை நம் பொட்டலத்தில் அச்சிட்டுவிட முடியாது; தனியாக எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும். 18 வயது என்ற எல்லைக்கும் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. முகவரியை வென்றவர்களிடம் மட்டும் கேளுங்கள். கலந்துகொள்ளும் எல்லாரிடமும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள நமக்குத் தேவை இல்லை.

அறிவித்தல்

முதல் இரண்டு நாளில் பத்து விடையாவது வந்துவிட்டால் மற்றவர்கள் தயங்காமல் எழுதுவார்கள். யாரும் எழுதாத பதிவின் கீழ் முதல் ஆளாக எழுதப் பலருக்குக் கூச்சம். ஆகவே அறிவிப்பு வெளியாகும் நாளன்று, பழைய வாடிக்கையாளர்கள் இருபது பேருக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி, எழுதச் சொல்லிக் கேளுங்கள். ‘அக்கா, போன மாதம் கறிவேப்பிலைப் பொடி வாங்கினீர்களே, அதை நீங்கள் மோர்க் களியோடு சாப்பிடுவதாகச் சொன்னீர்கள், அதையே எழுதுங்கள்’ என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகக் கொண்டுசேர்க்கும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு பொட்டலத்தோடும், எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி ஒரு சிறு சீட்டு வைப்பது நல்லது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் போட்டி நடக்கும் நாள்களில் தினமும் காலையில் புதிதாக வைக்க வேண்டும். வெறும் நினைவூட்டலாக வைக்காமல், அதுவரை வந்த விடைகளில் ஒன்றை எழுதியவரின் அனுமதியோடு எடுத்துப் போடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியவற்றில் போடுவதற்கு முன் குழுவை நடத்துபவரிடம் கேட்டுவிடுங்கள்.

நடக்கும்போது

வரும் ஒவ்வொரு விடைக்கும், அன்றைக்கே, படித்ததற்கு அடையாளமாக ஒரு வரி பதில் எழுதுங்கள். ‘நன்றி’ என்று எல்லார்க்கும் ஒட்டுவது பதில் ஆகாது. ‘எள்ளைக் கடைசியில் வறுத்துச் சேர்ப்பது நல்ல யோசனை, நானும் செய்து பார்க்கிறேன்’ என்றால் எழுதியவர் மகிழ்வார். படிக்கும் பிறரும் இந்த வீட்டில் தொழில் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று உணர்வார்கள். ஒவ்வொரு விடையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர், தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் பதியுங்கள். பின்னால் யாராவது தன் கமெண்டை அழித்துவிட்டோ மாற்றிவிட்டோ கேள்வி கேட்டால் அதுதான் சான்று.

மோசடிக்காரர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். நம் பக்கத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, நம் படத்தையே வைத்து, போலிக் கணக்கு தொடங்குகிறார்கள். கலந்துகொண்டவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பி, ‘நீங்கள் வென்றுவிட்டீர்கள், கூரியர் கட்டணமாக 150 ரூபாய் அனுப்புங்கள்’ என்று கேட்கிறார்கள். என் இரண்டாம் போட்டியில் இது நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பணம் அனுப்பிவிட்டு, ‘பொடி எப்போது வரும், அம்மா?’ என்று என்னைக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அவருக்குப் பொடியை அனுப்பிவைத்தேன்; ஆனால் அவர் ஏமாந்ததற்கு நானும் ஒரு விதத்தில் காரணம், ஏனென்றால் என் அறிவிப்பில் அந்த எச்சரிக்கை இல்லை. இப்போது அறிவிப்பிலும் ஒவ்வொரு நாள் ஸ்டோரியிலும் நம் கணக்கின் சரியான பெயரையும், பணம் கேட்க மாட்டோம் என்பதையும் எழுதுகிறேன். போலிக் கணக்கு தென்பட்டால் உடனே புகாரளியுங்கள், பின்தொடர்வோரையும் புகாரளிக்கச் சொல்லுங்கள். யாரேனும் பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

தேர்வும் முடிவும்

நடுவராக நாமே இருக்கக் கூடாது. தெரிந்த சமையல்காரர் ஒருவர், வீட்டில் நன்றாகச் சமைக்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என இருவர் போதும். விடைகளைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டபின் கூட்டிப் பாருங்கள். சமமாக வந்தால், முதல் ஐந்து செய்முறைகளைச் சமைத்துச் சுவைத்து முடிவு செய்யச் சொல்லலாம். சமைப்பதைப் படமெடுத்தால் முடிவு அறிவிக்கும் காணொளிக்கும் அதுவே பயன்படும். நடுவர்களுக்குப் பொடிப் பொட்டலத்தோடு மரியாதை செய்ய மறக்காதீர்கள்.

சொன்ன தேதியில், சொன்ன மணிக்கு முடிவை வெளியிட வேண்டும். மின்சாரம் போய்விட்டாலும் காய்ச்சல் வந்துவிட்டாலும், தாமதமாகும் என்ற செய்தியையாவது அந்த நேரத்துக்கு முன் போட்டுவிடுங்கள். வென்றவரின் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னால் போதும். கைப்பேசி எண்ணோ முகவரியோ படத்தில் தெரியக் கூடாது. ஏன் அந்தச் செய்முறை வென்றது என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். அப்படி எழுதினால் தோற்றவர்களின் மனக்குறை பெருமளவு தணியும்.

பரிசை மூன்று நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். பதிவு எண்ணைக் கொண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும் என்பதால் ஸ்பீட் போஸ்ட் வசதியானது. சிற்றூர்களுக்கும் போய்ச் சேரும். எண்ணெய்ப் பசை உள்ள பொடியாக இருந்தால் உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று என இரண்டாகக் கட்ட வேண்டும். வரியைப் பொறுத்தவரை, பரிசு மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் 30 விழுக்காடு பிடித்தம் என்ற கேள்வி வரும். நாம் பேசும் அளவில் அந்தச் சிக்கல் இல்லை.

முடிந்தபின் ஒரு மாதம்

வெல்லாத ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியில் நன்றி சொல்லி, அவர் எழுதிய செய்முறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அடுத்த 15 நாளுக்குள் வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை என்று தெரிவியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மட்டும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் போட்டியின் செலவு திரும்பி வந்தது வென்றவர்களால் அன்று, இந்தச் செய்தியால்தான்.

வந்த செய்முறைகளை வாரத்துக்கு ஒன்றாகச் சமைத்து, எழுதியவர் பெயரோடு ரீல்ஸாகப் போடலாம். அறுபது செய்முறை வந்திருந்தால் ஓராண்டுக்கு என்ன பதிவிடுவது என்ற கவலை இல்லை. சிறந்த ஒன்றை, எழுத்தில் சம்மதம் பெற்று, பொட்டலத்தின் பின்பக்கத்தில் அவர் பெயருடனும் ஊர்ப் பெயருடனும் அச்சிடலாம். அந்தப் பொட்டலத்தை அவர் தன் உறவினர் எல்லாருக்கும் காட்டுவார்.

பிறகு நோட்டைத் திறந்து, கலந்துகொண்டவர்களில் எத்தனை பேர் முதன்முறையாக வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள், எந்த ஊரிலிருந்து என்று ஒரு மாத முடிவிலும் மூன்று மாத முடிவிலும் எண்ணுங்கள். விடை நிறைய வந்து ஆர்டர் வராமல் இருந்தால், கேட்ட கேள்வி பொருளை விட்டு விலகியிருந்திருக்கும். அல்லது விலையும் வாங்கும் வழியும் கண்ணில் படாமல் இருந்திருக்கும். விடையே குறைவாக வந்திருந்தால் கேள்வியை எளிதாக்குங்கள், பரிசைப் பெரிதாக்காதீர்கள். முதன்முறை வாங்கியவர் நிறைய இருந்து, இரண்டாம் முறை வாங்கியவர் இல்லாவிட்டால், அடுத்த போட்டியைத் தள்ளிவைத்துவிட்டு அவர்களில் நாலு பேரை அழைத்துப் பொடி எப்படி இருந்தது என்று கேளுங்கள். உப்போ காரமோ கூடியிருக்கலாம், வழியில் உறை பிரிந்து மணம் போயிருக்கலாம். அதைச் சரிசெய்து முடித்தபிறகு அடுத்த தேதியைக் குறிக்கலாம்.